தம்பி எழுதாத சீன்கள்

கேள்வி: நான் பாம்பனில் பள்ளி ஆசிரியை. வயது 43. என் தம்பி சென்னையில் டிவி சீரியல்களுக்கு வசனம் எழுதுகிறான். நல்ல பெயர், நல்ல பணம். முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை இப்போது ஊசியில் வந்து நிற்கிறது. அவன் மனைவிக்கும், இன்னும் கடல்பாசி பறிக்கப் போய்க்கொண்டிருக்கும் எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தால் அம்மா தாங்கமாட்டார். போன மாதம் ஊருக்கு வந்தவன், ஹெராயினுக்கு அடிமையான டிவி எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய ‘பெர்மனென்ட் மிட்நைட்’ படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டி, “பாருக்கா, இந்தாளு மீண்டு வந்து புத்தகமே எழுதிட்டான். நானும் வந்துருவேன்” என்றான். எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. வேலையில் இதுவரை குறை வைக்கவில்லை. அவனுக்கு முடியாத நாட்களில் எட்டு மாதமாக நானே சீன் எழுதி அனுப்பிவிடுகிறேன். அடுத்த முறை வரும்போது பத்து நாள் மாடி அறையில் பூட்டிவைத்தால் விட்டுவிடுவானா? இல்லை, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகட்டுமா?

- பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: பூட்டையும் ஏர்வாடியையும் அப்புறம் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் ஓர் அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, “நானே சீன் எழுதி அனுப்பிவிடுகிறேன்” என்று, அதை முதலில் பேசுவோம்.

இந்தப் பகுதிக்கு வருகிற போதைக் கடிதங்களில் கடனை அடைக்கிற மாமனார் இருப்பார், ஆபீசுக்குப் போன் செய்து “அவருக்குக் காய்ச்சல்” என்று சொல்கிற மனைவி இருப்பாள். வசனம் எழுதித் தருகிற அக்காவை இப்போதுதான் பார்க்கிறேன். செய்கிற வேலை என்னவோ ஒன்றுதான்.

சீன் பேப்பர் வரவில்லை என்றால் ஷூட்டிங்கில் மொத்த யூனிட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாராவது அவனுக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். அந்தப் போன் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். நீங்கள் வரவிடவில்லை. நடுராத்திரியில் உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டு, சீனை எழுதி அனுப்பிவிட்டீர்கள். அவனுக்கு வேலையும் போகவில்லை, சம்பளமும் நிற்கவில்லை, ஊசிக்குப் பணமும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபம் வந்தால் வரட்டும். உங்களுக்கு அது பிடித்துப் போய்விட்டது. ஐந்து பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம், நீங்கள் எழுதிய ஒரு மாமியார் சீனை எல்லோரும் பாராட்டிய கதை. (அதை வெட்டித்தான் மேலே போட்டிருக்கிறேன்.) தம்பியின் உடம்பைப் பற்றி நான்கு வரி.

படத்துக்கு வருகிறேன். நானும் பார்த்தேன். ஜெர்ரி ஸ்டால் 1995-ல் எழுதிய தன் சொந்தக் கதையை வைத்து 1998-ல் எடுத்தது, பென் ஸ்டில்லர் நடித்தார். வாரத்துக்கு 5,000 டாலர் சம்பாதித்து 6,000 டாலருக்குப் போதை வாங்குகிற ஆள். கைக்குழந்தையை காரில் வைத்துக்கொண்டே ஊசி ஏற்றிக்கொள்ளும் இடம் ஒன்று வருமே, அப்போது உங்கள் தம்பி திரையைப் பார்த்தானா, செல்போனைப் பார்த்தானா? அந்த ஸ்டாலே படத்தில் ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டுகிறார், போதைக்கு மாற்று மருந்து கொடுக்கிற மையத்தின் டாக்டராக. தம்பி அதையும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். மீண்டு வந்தவர் கதைதான் படமாகும் சகோதரி. வராதவன் வீட்டில் படம் எடுக்க யார் போவார்கள்?

சரி, பூட்டு. வேண்டவே வேண்டாம். ஹெராயின் போன்ற இந்த வகை மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பை முறிக்கிற வலி எல்லாம் வரும். அதைக்கூடப் பல்லைக் கடித்துத் தாண்டிவிடலாம். ஆபத்து பதினொன்றாம் நாள் இருக்கிறது. உடம்பு பழக்கம் விட்டுப்போயிருக்கும். வெளியே வந்தவன் பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

ஏர்வாடிக்குக் கும்பிடப் போங்கள். கட்டிப்போட்டு வைத்தியம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல். நம் மாவட்டத்துக்காரர் அதை மறக்கலாமா? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரினார்பின் போன்ற மாற்று மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில், மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குப் போன் செய்யுங்கள், போதை மீட்புக்கான தேசிய இலவச எண். போலீஸ் பயமா? வைத்திருந்தது சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவாக இருந்து, தானாக சிகிச்சைக்கு வந்து அதை முழுமையாக முடிப்பவர்மேல் வழக்கு நடத்தாமல் பாதுகாக்கிற பிரிவு, 64ஏ, 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது.

அவன் மனைவிக்கு இன்னும் தெரியாது என்கிறீர்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. ஊசி என்றால் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் கூடவே வரலாம். அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவள் உடம்பைப் பற்றிய விஷயத்தை அவளிடமே மறைக்க நாத்தனாருக்கு யார் உரிமை கொடுத்தது? நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அவள் புகுந்த வீட்டார் இப்படிச் செய்தால் சும்மா இருப்பீர்களா?

அம்மா தாங்கமாட்டாராம். விரலுக்கு விரல் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு, மாதத்தில் 12 நாள் பவளப் பாறையில் முங்கிப் பாசி பறித்து உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர் அவர். மூச்சை அடக்கிப் பழகியவர். உங்களைவிட நன்றாகவே தாங்குவார்.

இன்று ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டு, இனிமேல் என்னிடமிருந்து ஒரு சீனும் வராது என்று சொல்லுங்கள். “என் பொழப்பக் கெடுத்துட்டியேக்கா” என்று அழுவான். அழட்டும். சீரியல் போனால் இன்னொரு சீரியல் வரும். எழுதாமல் இருக்க முடியவில்லை என்றால் உங்கள் பெயரைப் போட்டு ஒரு கதை எழுதி எங்களுக்கே அனுப்புங்கள், படிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ராமேஸ்வரத்தில் ராத்திரி ரயில் பிடித்தால் சனிக்கிழமை காலை சென்னை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். லேப்டாப் வீட்டிலேயே இருக்கட்டும்.