தடுமாறும் மாணவியை வைத்திருக்கும் சிஸ்டருக்கு: கேள்வி பதில்

மதுரை வார்டுகளில் பல வருடம் நர்சிங் மாணவிகளோடு நின்ற டியூட்டர் நான். மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

வார்டு சிஸ்டர், அண்ணா நகர்: மேடம், மூன்றாம் வருடப் பெண். பாடம் கேட்டால் ஒப்பிக்கிறாள், ட்ரிப் (நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் திரவம்) கணக்கு மட்டும் தினமும் தப்பு. என்ன செய்ய?

கணக்கு தெரியாமலா, பயத்திலா என்று முதலில் பாருங்கள். டியூட்டி ரூமில் உட்கார வைத்துப் பேப்பரில் போடச் சொல்லுங்கள். 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் ட்ரிப் குழாய் செட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு வர வேண்டும். என்னிடம் ஒரு பெண் 2500 என்று எழுதிக் கொடுத்தாள். 4 மணியை 240 நிமிடமாக மாற்றவில்லை, அவ்வளவுதான். அதுவரை எல்லாரும் "கவனமா இரு" என்றே சொல்லியிருக்கிறார்கள், எந்தப் படியில் தப்பு என்று ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. கணக்கு சரியாகும்வரை ட்ரிப்பைத் தனியாகத் தொட விடாதீர்கள்.

பிசியோதெரபிஸ்ட், திருமங்கலம்: பையன் தினமும் லேட். நோயாளி முன்னாலேயே திட்டிவிட்டேன். இப்போது முகம் கொடுத்தே பேசமாட்டேன் என்கிறான்.

"அங்கே வைத்துச் சொன்னது தப்புதான்ப்பா" என்று நீங்களே சொல்லிவிடுங்கள் சார். அப்புறம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எங்கிருந்து வருகிறாய், தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். பஸ்தான் பிரச்சினை என்றால் நேரத்தை மாற்றலாம். மனசு உடைந்திருக்கிறான் என்று தெரிந்தால் கல்லூரிக்குச் சொல்லுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் கொடுங்கள். அதை நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

சிஸ்டர், மேலூர்: என் மாணவிக்குப் பயிற்சியின் கடைசி வாரம். லாக் புக்கில் (செய்து தேறிய வேலைகளின் பதிவேடு) கையெழுத்துக் கேட்கிறார்கள். அவள் தேறவில்லை, ஆனால் மனசு வரவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை.

இப்படி இரக்கப்பட்டு நானும் ஒருமுறை கையெழுத்துப் போட்டேன், இன்றும் உறுத்துகிறது. செய்யாத வேலைக்குப் போடாதீர்கள் அம்மா. நாளைக்கு அவள் தனியாக நிற்கப்போவது யாரோ ஒருவருடைய அப்பாவின் கட்டில் பக்கத்தில். கல்லூரி டியூட்டரை இன்றைக்கே வரச்சொல்லி, மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். முடிவை நீங்கள் ஒருத்தியாகச் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த பேட்ச்சுக்கு முதல் வாரத்திலிருந்தே தேதி போட்டுக் குறித்து வையுங்கள். "அக்கறையில்லை" என்று எழுதாமல், "பிபி பட்டையைச் சட்டைக் கைக்கு மேலேயே சுற்றினாள், திருத்தினேன்" என்று பார்த்ததை எழுதுங்கள். அன்றே அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சிஸ்டர்: வார்டு நிறைய நோயாளி. தடுமாறும் மாணவிக்கு நேரம் எங்கே?

ஷிஃப்ட் முடிவில் பத்து நிமிடம். இன்று எது நன்றாக வந்தது, நாளை எதைத் திருத்தணும், இவ்வளவு போதும். அந்த மாணவி இருக்கும்வரை உங்களுக்கு இரண்டு நோயாளியைக் குறைத்துத் தரச்சொல்லி இன்சார்ஜிடம் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், சிஸ்டர்.