நடு மைதானத்தில் ஒரு மரம்

கேள்வி: நல்ல மைதானங்கள் குறைவான பசிபிக் தீவு நாடு பிஜி, ரக்பியில் ஒலிம்பிக் தங்கம் வென்றது எப்படி?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மைதானம் என்கிறீர்கள். 1924 ஆகஸ்டில் பிஜி தன் முதல் சர்வதேச ரக்பி ஆட்டத்தை சமோவாவின் ஆபியா நகரில் ஆடியது. நடு மைதானத்தில் ஒரு மரம்! காலை ஏழு மணிக்கே ஆட்டம். ஏனென்றால் சமோவாக்காரர்கள் முடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை மறிக்க 15 பேர் போதாதென்று மரமும் வழியில் நிற்கிறது. தள்ளினால் சாயாது, ஏமாற்றினாலும் நகராது. அப்படிப்பட்ட தரையில் பிஜி 6-0 என ஜெயித்தது. 1939-ல் நியூஸிலாந்துக்குப் போய் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் திரும்பியது.

ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னாலும் அதே கதைதான். பயிற்சியாளர் பென் ரயன் பையன்களைச் சிங்காடோக்கா மணல்மேடுகளில் ஏறி ஏறி ஓடவிட்டார். கால் புதையும் மணலில் மூச்சு வாங்க ஓடியவர்களுக்குப் புல்தரை எம்மாத்திரம்? 2016 இறுதியாட்டத்தில் பிரிட்டன் 43-7 என்று நொறுங்கியது. பிஜிக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி அது. மறு வருஷம் அந்நாட்டு ரிசர்வ் வங்கி ஏழு டாலர் நோட்டே அடித்து வெளியிட்டது.

அப்புறம், நான் பல தடவை எழுதிச் சண்டை வாங்கிய விஷயம்: பிஜி இந்தியர்கள் ஏன் ரக்பியில் அதிகம் இல்லை? "அங்குள்ள நம்மவர்களுக்கு ரக்பிக்கு ஏற்ற உடல்வாகு இல்லை" என்று இன்னும் கடிதம் வருகிறது. தப்பு. 1884 வாக்கில் பிஜியில் ரக்பி தொடங்கியது பா என்ற ஊரில். ஆடியவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் பூர்வகுடி பிஜியச் சிப்பாய்களும். இந்தியர்கள் 1879-லிருந்தே ஒப்பந்தக் கூலிகளாக அந்த நாட்டில் இருந்தார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் போய்ச் சேர்ந்தார்கள். பாரதி பாடி அழுத கரும்புத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து வெட்டிக் குனிந்த முதுகு அது. அந்த உடம்புக்கா வலு இல்லை? பிரிட்டிஷ் ஆட்சி இந்தியர்களைத் தோட்ட லயங்களிலும் பிஜியர்களைக் கிராமங்களிலும் தனித்தனியே வைத்தது. ஆட்டமும் அப்படியே பிரிந்தது. ரக்பியிலேயே முதலில் வெள்ளையருக்கு ஒரு சங்கம், பிஜியருக்கு வேறொன்று. இந்தியர்கள் 1938-ல் தங்களுக்கென்று கால்பந்துச் சங்கம் தொடங்கினார்கள். நம்மவர்களின் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கமும் ஈஸ்டர் விடுமுறையில் நடத்துவது கால்பந்துப் போட்டியைத்தான். ரக்பி தொடங்கிய அதே பா, இன்று பிஜிக்காரர்கள் எல்லோரும் அறிந்த கால்பந்து ஊர்.