ராணுவ விமானத் தொழில்நுட்பத்தில் சின்னக் கம்பெனிகளின் ஆராய்ச்சி: கேள்வி பதில்

பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, விமான மின்னணுக் கருவிகளின் தகுதிச் சோதனையில் வேலை செய்யும் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கே (புக்கிட் மெர்தாஜாம்): ஐயா, அமெரிக்காவில் எஸ்பிஐஆர் என்று சின்னக் கம்பெனிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் தருகிறார்களாமே, நம் சென்டிரியான் பெர்ஹாட் (மலேசியத் தனியார் கம்பெனி) விண்ணப்பிக்க முடியுமா?

ப: முடியாது. 1982-இல் சட்டமாக வந்த திட்டம் அது. கம்பெனியில் பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகளிடம் இருக்க வேண்டும், கிளை நிறுவனங்களையும் சேர்த்து ஆட்கள் 500-ஐத் தாண்டக் கூடாது, ஆராய்ச்சி அமெரிக்க மண்ணில் நடக்க வேண்டும். முதல் கட்டம் சுமார் ஆறு மாதம், யோசனை தேறுமா என்று பார்ப்பதற்கு. இரண்டாவது கட்டம் சுமார் இரண்டு வருடம், மாதிரிக் கருவி செய்வதற்கு. மூன்றாவது கட்டத்துக்கு எஸ்பிஐஆர் நிதியே கிடையாது, வாங்குகிற படைப்பிரிவோ தனியார் முதலீட்டாளரோ பணம் போட வேண்டும். பலரும் விழுவது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் அவர்கள் வெளியிடும் தலைப்புகளை விடாமல் படியுங்கள். கடற்படையும் விமானப்படையும் எங்கே தடுமாறுகின்றன என்பது அதில் வெளிப்படையாகவே இருக்கும். அதே குறை இந்த வட்டாரப் படைகளுக்கும் இருக்கும்.

கே (ஷா ஆலம்): அப்படியானால் நம் நாட்டில் வழி என்ன?

ப: அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து பெரிய தளவாடம் வாங்கும்போது, விற்பவர் இங்கே வேலையோ தொழில்நுட்பமோ தர வேண்டும் என்ற ஐசிபி (தொழில் ஒத்துழைப்புத் திட்டம்) ஏற்பாடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது டிடிஏ என்ற அமைப்பு. ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியைப் பேப்பரில் பார்த்த பிறகு போனால் பந்தி முடிந்திருக்கும். டெண்டர் நிலையிலேயே விற்பனையாளரின் பட்டியலில் உங்கள் பெயர் ஏற வேண்டும். ஆராய்ச்சிக் கூட்டுக்குத் தற்காப்பு அமைச்சின் கீழுள்ள ஸ்ட்ரைட் ஆராய்ச்சிக் கழகத்தை அணுகுங்கள். லங்காவியில் லிமா விமான, கடல்சார் கண்காட்சி நடக்கும்போது பிரசுரத்தோடு போகாதீர்கள், சோதனை அறிக்கையோடு போங்கள்.

கே (பிறை): அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒரு விமான பிராக்கெட்டின் டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்கிறார். விலை மட்டும் சொன்னால் போதுமாம். வாங்கிப் பார்க்கலாமா?

ப: வேண்டாம், இப்போதே தடுத்துவிடுங்கள். ராணுவ விமான பாகத்தின் டிராயிங் எல்லை தாண்டினாலே ஏற்றுமதிதான், பொருள் கப்பலேற வேண்டியதில்லை. முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: இது ஐடார் (அமெரிக்க ராணுவப் பொருள் ஏற்றுமதி விதி) பட்டியலில் எந்தப் பிரிவு, இல்லையென்றால் அதன் ஈசிசிஎன் (மற்ற பொருள்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு) எண் என்ன, உரிமம் அல்லது தொழில்நுட்ப உதவி ஒப்பந்தம் இருக்கிறதா. பதில் வரும்வரை கோப்பு உங்கள் போனில் இருக்கக் கூடாது. நம் பக்கத்திலும் 2010-ஆம் ஆண்டின் வியூக வணிகச் சட்டம் இருக்கிறது. பிளேட்டிங் (உலோகப் பூச்சு) செய்ய சிங்கப்பூருக்கு அதே டிராயிங்கை இமெயிலில் தட்டிவிட்டால் இரண்டு நாட்டுச் சட்டத்திலும் சிக்குவீர்கள்.

கே (பாயான் லெப்பாஸ், போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்எம்டி பொறியாளர்): அண்ணே, எங்கள் லைன் முழுக்க லெட்-ஃப்ரீ, அதாவது காரீயமில்லாத சோல்டர். ராணுவ வேலை என்றதும் காரீயம் கலந்த சோல்டர் கேட்கிறார்கள். உலகமே 2006-இல் மாறிவிட்டதே?

ப: தம்பி, 2006 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பிய விதி ராணுவக் கருவிகளைத் தொடவே இல்லை. காரணம் விஸ்கர். சுத்த வெள்ளீயப் பூச்சுக்கு அடியில் செம்பும் வெள்ளீயமும் கூடி ஒரு சேர்மம் வளர்கிறது. அது பூச்சை உள்ளுக்குள் அழுத்த, அழுத்தம் தாங்காமல் மேற்பரப்பில் முடியை விட மெல்லிய உலோக இழை முளைக்கிறது. சில மைக்ரான் தடிமன்தான், நீளமோ மில்லிமீட்டர் கணக்கில் போகும். அடுத்தடுத்த இரண்டு பின்களைத் தொட்டால் ஷார்ட். பூச்சில் எடைக்கு 3 சதவீதமாவது காரீயம் இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

கே (அதே பொறியாளர்): கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டின் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு) போட்டால் போதாதா? செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில் நிக்கல் அடுக்கும் போடுகிறோம், ஜெஇடிஇசி (மின்னணுத் தரநிலை அமைப்பு) சோதனையும் தேறியிருக்கிறது.

ப: நிக்கல் அடுக்கு நல்லது, விஸ்கரைக் குறைக்கும், ஒழிக்காது. கோட்டிங் தட்டையான இடத்தில் 50 மைக்ரான் நின்றாலும் பின்னின் விளிம்பில் வழிந்து மெலிந்துவிடும், ஐசியின் வயிற்றுக்குக் கீழே பல நேரம் போகவே போகாது. நீங்கள் சொல்லும் சோதனையின் தரநிலை ஜெஇஎஸ்டி201-ஐ எடுத்து வகுப்புப் பிரிவைப் பாருங்கள். உயிர் சம்பந்தப்பட்ட, ராணுவ, விமானப் பயன்பாடு மூன்றாம் வகுப்பு. அதற்குச் சுத்த வெள்ளீயம் பொதுவாக ஏற்கப்படாது என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. அதன் சோதனை சில ஆயிரம் மணி நேரம், போர் விமானம் பறப்பதோ முப்பது வருடம்.

கே (சுங்கை பட்டாணி): இதில் நானும் நுழைகிறேன். கேலக்ஸி 4 கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அது செயற்கைக்கோள், வெற்றிடம். விமானத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ப: 1998-இல் அது செயலிழந்ததற்கு விஸ்கரைக் காரணமாகச் சொன்னார்கள், உண்மை. தரையில் பெரும்பாலும் இழை கருகி அறுந்துவிடும். காற்றழுத்தம் குறையக் குறைய, கருகிய உலோக ஆவி வழியே மின்வில் பற்றிக்கொண்டு பெரிய மின்னோட்டம் ஓடுவது எளிதாகிறது. அழுத்தமேற்றாத மின்னணுப் பெட்டி 40,000 அடியில் இருக்கும்போது தரை மட்டக் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். குறைந்த மின்னோட்டச் சிக்னல் பின்னில் இழை கருகக்கூட வேண்டாம், அப்படியே ஒட்டிக்கொண்டு தவறான அளவைக் காட்டும். விமானிக்கு அதுவே போதுமான ஆபத்து.

கே (பாயான் லெப்பாஸ்): சரி, ஒப்புக்கொள்கிறேன். பிஜிஏ (அடியில் சோல்டர் பந்துகள் உள்ள ஐசி) எல்லாம் எஸ்ஏசி (காரீயமில்லாத) பந்தோடுதானே வருகிறது? அதை என்ன செய்வது?

ப: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 63/37 (வெள்ளீயம்/காரீயம்) சோல்டர் பேஸ்ட் 183 டிகிரியில் உருகும், எஸ்ஏசி305 பந்து 217-இல். வழக்கமான காரீய புரொஃபைலில் (அடுப்பின் சூட்டு அட்டவணையில்) உச்சம் 210 வைத்து ஓட்டினால் பேஸ்ட் உருகும், பந்து உருகாது. இணைப்பு பாதி கலந்து நிற்கும், எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியும், வெப்பச் சுழற்சியில் சீக்கிரம் விரியும். வழி இரண்டு. பந்தைக் கழற்றிக் காரீயப் பந்து போட்டு வாங்குங்கள். கூடுதல் சூடு ஏறுவதால் அதற்குமுன் பேக்கிங் (ஈரம் போகச் சூட்டில் வைப்பது) கட்டாயம், பினாங்கு ஈரப்பதத்தில் பை திறந்து கிடந்த ஐசி, உள்ளே ஈரம் ஆவியாகிப் பாப்கார்ன் போல வெடித்துவிடும். இல்லையென்றால் எல்லாப் பந்தும் 217-க்கு மேல் போகும்படி உச்சத்தை 225க்கு மேல் வைத்து, பக்கத்துப் பாகங்கள் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று ஒவ்வொன்றின் டேட்டாஷீட்டிலும் பாருங்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை போர்டின் ஓரத்தில் ஒட்டாதீர்கள், பிஜிஏவின் நடுப் பந்துக்குக் கீழே துளையிட்டு வையுங்கள். பந்துக்குப் பதில் பின்கள் உள்ள ஐசிகளுக்கு ஹாட் சோல்டர் டிப் (உருகிய காரீயச் சோல்டரில் முக்குவது) போதும். உருகிய சோல்டர் நிற்கும் வேவ் பாத்திரமும் சோல்டரிங் அயர்னின் முனையும் காரீய வேலைக்குத் தனியாக இருக்க வேண்டும். பாத்திரத்தில் செம்பு 0.3 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

கே (செபெராங் ஜெயா): என் மனைவியின் சித்தப்பா மகன் டெக்ஸாஸில் கிரீன் கார்டு வைத்திருக்கிறார். அவர் பெயரில் 51 சதவீதம் எழுதி எஸ்பிஐஆர் கேட்கலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். வேலையை இங்கே செய்துவிட்டு அங்கே செய்ததாக எழுதினால் அது மோசடி. தலைமை ஆராய்ச்சியாளரின் முக்கிய வேலையும் அந்தக் கம்பெனியில்தான் இருக்க வேண்டும்.

கே (செந்தூல்): மில்-எஸ்டிடி-810 (கருவி சூழலைத் தாங்குமா என்று பார்க்கும் அமெரிக்க ராணுவச் சோதனைத் தரநிலை) சர்டிபிகேட் எங்கே வாங்கலாம்?

ப: அப்படி ஒரு சர்டிபிகேட்டே கிடையாது. எந்த முறை, எந்த நடைமுறை, எவ்வளவு நேரம் என்பதை உங்கள் கருவி உட்காரும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுத்து, வாங்குபவரின் கையெழுத்தோடு சோதனைத் திட்டம் எழுத வேண்டும். உதாரணத்துக்கு உப்புப் புகை: 5 சதவீதக் கரைசல், 35 டிகிரி, 24 மணி நேரம் தெளிப்பு, 24 மணி நேரம் உலர்வு, இப்படி இரண்டு சுற்று. ஃபேக்டரியில் ஓட்டிய தொடர் தெளிப்பு ரிப்போர்ட் அதற்கு ஈடாகாது, காயும்போதுதான் அரிப்பு தன் வேலையைக் காட்டும்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். விமான மின்சாரத்துக்கான மில்-எஸ்டிடி-704-இல் 28 வோல்ட் லைன் 22 முதல் 29 வரை நிற்கும், இடையில் 50 வோல்ட் வரை துள்ளும், எஞ்சின் ஸ்டார்ட்டில் 12-க்கு இறங்கும். கடையில் கிடைக்கும் 9–36 வோல்ட் கன்வெர்ட்டர் அந்தத் துள்ளலைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். முன்னால் துள்ளலைத் தடுக்கும் சர்ஜ் ஸ்டாப்பர் வையுங்கள்.

கே (தாப்பா): தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் டிரோனுக்கு உரிமம்?

ப: என் துறை இல்லை. மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இடம் கேளுங்கள்.

கே (கிள்ளான்): ஏஎஸ்9100 (விமானத் துறைத் தரச் சான்று) இல்லாமல் தொடங்கலாமா?

ப: மாதிரிக் கருவி செய்யும் கட்டத்தில் பலர் கேட்பதில்லை, உற்பத்திக்குக் கேட்பார்கள். பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், என்டிடி (உடைக்காமல் செய்யும் சோதனை) போன்றவற்றை நாட்கேப் (இத்தகைய வேலைகளுக்கான அங்கீகாரம்) வாங்கிய கடையிடம் கொடுங்கள்.

கே (கெப்பாலா பத்தாஸ்): முழு அசெம்பிளி டிராயிங் வேண்டாம், ஒரு ஸ்க்ரூவின் டிராயிங் மட்டும் இமெயிலில் வந்தால் பரவாயில்லையா?

ப: பிறை நண்பருக்குச் சொன்னதுதான். கடையில் எல்லாருக்கும் விற்கும் தரநிலை ஸ்க்ரூ என்றால் டிராயிங்கே தேவைப்படாது, பார்ட் நம்பர் போதும். டிராயிங் வருகிறதென்றால் அது விசேஷமாகச் செய்வது. பிரிவு எண் கேட்காமல் திறக்காதீர்கள்.

கே (பாயான் லெப்பாஸ்): அண்ணே, கடைசியாக ஒன்று. வந்த பாகத்தின் பூச்சில் 3 சதவீதம் காரீயம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ப: எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ்ரே கதிரால் உலோகக் கலவையை அளக்கும் கருவி. ஒவ்வொரு டேட் கோடிலிருந்தும் (தயாரித்த தேதிக் குறியீடு) சாம்பிள் எடுங்கள், ரீலின் லேபிளை நம்பாதீர்கள். கதிர் விழும் புள்ளி பின்னை விடப் பெரிதாக இருந்தால் போர்டின் காரீயத்தையும் சேர்த்துக் காட்டும், அதனால் பொருத்துவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.