தைராய்டும் அதன் பங்காளிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் வெறும் தைராய்டு என்று எழுதியவர்கள் குறைவு. தைராய்டோடு சர்க்கரை, தைராய்டோடு மூட்டுவாதம், தைராய்டோடு வெண்புள்ளி என்று ஜோடி ஜோடியாகத்தான் வந்திருக்கின்றன. இது தற்செயல் இல்லை. தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஹாஷிமோட்டோ என்ற நோய். 1912-ல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சுரப்பியையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. அந்தக் குணம் உள்ள உடம்பு ஓர் உறுப்போடு நிறுத்திக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

இரண்டு வருடத்தில் தைராய்டு மாத்திரை 50-லிருந்து 150 ஆகிவிட்டது. டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இன்னும் 14. என் எடை 58 கிலோ. ரத்தசோகைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பாதம் மதமதப்பு, நாக்கு எரிச்சல், ஒரே அசதி. இன்னும் கூட்டலாமா டாக்டர்?
- வாசகி (46), வியாசர்பாடி

கூட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சுரப்பி சுத்தமாக வேலை செய்யாவிட்டால்கூட, கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் மாத்திரை போதும். உங்கள் எடைக்கு அது 100-ஐத் தாண்டாது. 150 போட்டும் 14 என்றால், மாத்திரை வயிற்றுக்குள் போகிறதே தவிர ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இதே கதையோடு என்னிடம் வந்த ஓர் அம்மாவை, காலையில் சாப்பிடுவதை எல்லாம் மேஜையில் வைக்கச் சொன்னேன். மஞ்சப்பையிலிருந்து தைராய்டு பாட்டில், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், கேஸ் மாத்திரை நான்கும் வந்தன. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்து முடித்ததும் நான்கையும் ஒரே வாயில் போட்டு, டீயோடு விழுங்கியிருக்கிறார். பாட்டில் இருந்த இடம் அடுப்புக்கு மேல் ஸ்லாப். தைராய்டு மாத்திரைக்குச் சூடும் ஈரமும் ஆகாது. இரும்பும் கால்சியமும் குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும், அதனால் 4 மணி நேரம் தள்ளித்தான் அவற்றைச் சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, டீ, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

இதையெல்லாம் ஏற்கெனவே சரியாகச் செய்கிறீர்கள் என்றால், அப்போதுதான் பங்காளிகள் மேல் எனக்குச் சந்தேகம் வரும். நாக்கு எரிச்சல், பாதம் மதமதப்பு, ரத்தசோகை மூன்றும் சேர்ந்தால் முதலில் பி12 பார்க்க வேண்டும். தைராய்டைத் தாக்கும் அதே கோளாறு இரைப்பையின் சுவரையும் தாக்கும். அமிலம் குறையும், பி12 உடம்பில் ஏறாது, தைராய்டு மாத்திரையும் சரியாகக் கரையாது. இது பி12 ஊசியில் சரியாகிற விஷயம். எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கினாலும் சரியாகாது.

இரண்டாவது சந்தேகம் கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய். வயிற்றுப்போக்கு இல்லாமலும், தீராத ரத்தசோகையாக மட்டும்கூட அது வரும். டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஆனால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் ரிசல்ட் ஏமாற்றிவிடும், ஆகவே அவசரப்படாதீர்கள். நோய் உறுதியானால் சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமா, சேமியா, உங்கள் பகுதியின் பர்மா நூடுல்ஸான அத்தோ எல்லாவற்றுக்கும் விடைகொடுக்க வேண்டியதுதான். இட்லி, தோசை, இடியாப்பம் எப்போதும்போல. பலரும் கவனிக்காத ஒன்று பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

என் மகனுக்கு 17 வயது. ஒன்பது வயதிலிருந்து இன்சுலின். போன வருடம் தைராய்டும் வந்தது. இரண்டு மாதமாக அடிக்கடி லோ சுகர், இன்சுலினைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். இளைத்துவிட்டான், கறுத்தும்விட்டான். வெயிலில் கிரிக்கெட் ஆடுவதால் என்கிறார்கள்.
- வாசகர், திருவொற்றியூர்

ஐயா, வந்த கடிதங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்களுடையதுதான். வெயில் முகத்தைக் கறுக்கும், கழுத்தைக் கறுக்கும். உள்ளங்கை ரேகைக்குள் போகாது, ஈறைக் கறுக்காது. பையனை வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டையும் பாருங்கள். உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்கிறானா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்றும் கேளுங்கள்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் இதே தாக்குதலுக்கு ஆளாகலாம். அதற்குப் பெயர் அடிசன் நோய். தைராய்டும் அட்ரினலும் ஒரே ஆளிடம் சேர்ந்து பழுதாவதை 1926-லேயே ஷ்மிட் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். முதல் வகை சர்க்கரையும் இந்தக் கூட்டணியில் உண்டு என்று 1964-ல் சேர்த்தார்கள். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் குறைந்தால், போடுகிற இன்சுலின் அதிகமாக வேலை செய்யும். லோ சுகர் அதனால் வரலாம்.

இந்த வாரமே காலை 8 மணி வாக்கில் கார்ட்டிசாலும், கூடவே அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனான ஏ.சி.டி.ஹெச்., சோடியம், பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை தைராய்டு மாத்திரையை யாரும் கூட்ட வேண்டாம். கார்ட்டிசால் இல்லாத உடம்பில் தைராய்டு மருந்தை ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் வேகமாகச் செலவாகி ஆள் சுருண்டு விழுந்துவிடலாம். அடிசன் நோயே டி.எஸ்.ஹெச்.சைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாந்தி, கடும் வயிற்றுவலி, மயக்கம் வந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்டான்லியோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, நேராகக் கேஷுவாலிட்டிக்குப் போய் 'அடிசனாக இருக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்த நோய்தான் என்றால் தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. பெரும்பாலும் அதோடு உப்புச் சத்தைக் காக்கும் இன்னொரு மாத்திரையும் உண்டு. காய்ச்சல் வந்தால் டோஸை இரட்டிப்பாக்கும் முறையை டாக்டர் எழுதித் தருவார். எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டால் கிரிக்கெட்டும் ஆடலாம்.

கையில் வெண்புள்ளி. தைராய்டு ஆன்டிபாடி (சுரப்பிக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) 600-க்கு மேல், ஆனால் டி.எஸ்.ஹெச். நார்மல். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். மாத்திரை வேண்டுமா?
- வாசகி (24), பெரம்பூர்

இப்போது வேண்டாம். வருடம் ஒருமுறை டி.எஸ்.ஹெச். மட்டும் பாருங்கள். ஆன்டிபாடி எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது லேபுக்கு வருமானம், உங்களுக்குக் கவலை. கர்ப்பம் தரித்தால் முதல் வாரங்களிலேயே டி.எஸ்.ஹெச். பார்த்துவிடுங்கள். வெண்புள்ளி தொற்றாது, அது குஷ்டமும் இல்லை. வரன் வீட்டாரிடம் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதற்காக முகம் சுளிக்கிற குடும்பம் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் நல்லதுதானே?

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். திடீரென்று ரிப்போர்ட்டில் தைராய்டு அதிகம் என்று வந்திருக்கிறது. முடி கொட்டுவதற்குத் தவிர வேறு எந்தப் புது மாத்திரையும் இல்லை.
- வாசகி, ராயபுரம்

அந்த முடி மாத்திரைதான் என் சந்தேகம். அட்டையில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா பாருங்கள். சில லேப் கருவிகளை அது குழப்பி, டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் காட்டிவிடும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அப்புறம், மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டுவிட்டு ஆபத்தில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்காமலே சொல்கிறேன்.

காசிமேட்டில் மீன் வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய்விடுவேன், போனதும் டீ. மாத்திரை அடிக்கடி மறந்துவிடுகிறது. தைராய்டுக்கு மீன் ஆகாது என்கிறார்களே, நிஜமா?
- வாசகி, காசிமேடு

மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா. வேகவைத்த முட்டைக்கோஸும் அளவாகச் சாப்பிடலாம். கடற்பாசி மாத்திரை என்று யாராவது விற்றால் மட்டும் வேண்டாம், அளவுக்கு மீறிய அயோடின் இந்த நோயைக் கிளறிவிடும். மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடுங்கள். நீங்கள் சீக்கிரம் படுப்பவர் என்றால் இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடிக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் மறந்தால் பயப்பட வேண்டாம். இந்த மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். நேரம் மாற்றியதிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் பணம்தான் வீண்.