பையை யார் அடுக்குவது?

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஒன்றில் இந்த ஆண்டு சாரணர் இயக்கத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 18 பேர். பள்ளி விடுமுறையில் பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் இரண்டு இரவு பாசறை போடத் திட்டம். பெரும்பாலோர் ஓர் இரவுகூட வீட்டை விட்டுத் தங்கியதில்லை. கைத்தொலைபேசி கொடுத்தனுப்பலாமா, நாங்களும் பக்கத்தில் தங்கிக்கொள்ளலாமா என்று பெற்றோர் தினமும் கேட்கிறார்கள். பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?
– ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, முதலில் இடத்தை மாற்றுங்கள். தெலுக் பஹாங் நுழைவாயிலிலிருந்து பந்தாய் கெராச்சுட்டுக்குக் காட்டு வழியில் ஏறி இறங்கிப் போக வேண்டும். மூட்டையோடு நடக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் போதாது. நள்ளிரவில் ஒருவனுக்கு மூச்சிரைப்பு வந்தால் அங்கே வண்டி வராது. கடலில் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) உண்டு, குளிக்க விட முடியாது. ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் அருமையான இடம்தான், ஆனால் முதல் பாசறைக்கு அது வேண்டாம். பள்ளித் திடலில் ஓர் இரவு போதும். கழிப்பறை பக்கத்தில் இருக்கும். இடி கேட்டதும் எல்லாரையும் வகுப்பறைக்குள் கூட்டிப்போய்விடலாம். கூடாரம் மழையைத்தான் தாங்கும், மின்னலிலிருந்து காப்பாற்றாது.

இப்போதே 18 பேரையும் ஆறு ஆறு பேராக மூன்று அணிகளாகப் பிரித்துவிடுங்கள். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் பாசறையிலேயே சிறுவர்கள் நான்கு அணிகளாக இருந்தார்கள், அணித்தலைவர்களும் சிறுவர்களே. அடுத்த ஆண்டே, 1908இல், இயக்கம் மலாயாவுக்குள் நம் பினாங்கு வழியாகத்தான் வந்தது. நூறாண்டு தாண்டியும் அந்த அணிமுறை நிற்பதற்குக் காரணம் உண்டு. பதினெட்டுப் பேர் கூட்டத்தில் பயந்த பிள்ளை பின்னால் ஒளிந்துகொள்வான். ஆறு பேரில் அவன் தண்ணீர் எடுத்து வராவிட்டால் சோறு வேகாது. அதனால் அவனுக்கும் ஒரு வேலை, ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. பாசறைக்கு முந்தைய சனிக்கிழமைகளில் அதே ஆறு பேர் சேர்ந்து கூடாரம் கட்டட்டும், பிரிக்கட்டும், சமைக்கட்டும்.

சமையல் எளிமையாக இருக்கட்டும்: சோறு, முட்டைப் பொரியல், நெத்திலி சம்பல். சைவப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அரிசிக்கு மேல் ஒரு விரற்கணு தண்ணீர் என்று வீட்டில் பாட்டி பார்க்கும் அளவையே சொல்லிக்கொடுங்கள். ஒரு தடவை குழைந்துபோனால் போகட்டும், அடுத்த சனிக்கிழமை சரியாக வரும். மெகி மீ மட்டும் வேண்டாம், அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. தட்டு கழுவுவதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மிச்சச் சோறு கிடந்தால் எலி வரும். எலிச் சிறுநீர் கலந்த ஈரமும் சேறும் காலில் உள்ள காயம் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் கழுவுவார்கள், வெறுங்காலோடும் திரிய மாட்டார்கள். ஏடிஸ் கொசு காலையிலும் மாலையிலும் கடிக்கும் என்பதால் அந்த நேரங்களில் நீளக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

இனி பெற்றோர் கூட்டம். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். பையை அம்மா அடுக்கக் கூடாது, பிள்ளைதான் அடுக்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை வாசித்தால் போதும். அம்மா அடுக்கிய பையில், இருட்டில் டார்ச் லைட் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. தேடிக் கிடைக்காத அந்த இரண்டு நிமிடத்தில்தான் அழுகை தொடங்குகிறது. ஒவ்வொரு வேளைக்கான துணியையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் அவனே போட்டு முடிச்சுப் போடட்டும். கைலி ஒன்று கட்டாயம்: போர்த்திக்கொள்ளவும் உதவும், உடை மாற்றும்போது மறைப்பாகவும் இருக்கும். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை முதுகில் மூன்று, மூன்றரை கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். மூச்சிரைப்பு மருந்துக் குழாய் பையின் அடியில் இருக்கக் கூடாது, பிள்ளையின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

கைத்தொலைபேசி வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் குரலைக் கேட்டால், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும். "பிடிக்கலைன்னா சொல்லு, அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று யாரும் வாக்குக் கொடுக்கவே கூடாது. அந்த வாக்கைக் கேட்ட பிள்ளை, தன்னால் இது முடியாது என்று அப்பாவே நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்வான். அதற்குப் பதிலாகப் பெற்றோர் ஒரு சின்னக் கடிதம் எழுதி உங்களிடம் கொடுக்கட்டும், படுக்கும் முன் அணித்தலைவன் கையால் கொடுங்கள். முந்தைய வாரமே சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஓர் இரவு தங்கவைத்தால் இன்னும் நல்லது. பெற்றோர் உதவிக்கு வரலாம், ஆனால் தங்கள் பிள்ளை இல்லாத அணிக்குத்தான்.

பாதி அழுகை விளக்கணைத்த பிறகுதான் வரும். அப்போது கூடாரங்களுக்கு நடுவில் நீங்கள் விழித்திருப்பது பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும். அழுகிற பிள்ளையிடம் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று கேட்காதீர்கள். எழுப்பி உட்காரவைத்து, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, நாளைக் காலை அவன் அணிக்கு என்ன வேலை என்று பேசுங்கள்.

பெற்றோர் கூச்சத்தால் மறைக்கும் ஒரு விஷயம் உண்டு: படுக்கையில் சிறுநீர் கழிப்பது. பத்து வயதிலும் சில பிள்ளைகளுக்கு இருக்கும், அது யாருடைய குற்றமுமில்லை. கூட்டத்தில் கேட்காமல் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனியாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இரவில் மைலோ வேண்டாம். பதினொரு மணிக்கு எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்புங்கள். காலையில் எழுந்ததும் எல்லாரும் கைலியை அலசிக் காயப்போட வேண்டும் என்று பாசறை விதியாகவே வைத்துவிடுங்கள். கொடியில் 18 கைலியும் ஈரமாகத் தொங்கும்போது, யாருடையது ஏன் நனைந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்கப்போவதில்லை.