சிக் வெப்போட முதுகை எப்படி வரையறது?

கேள்வி: அண்ணா, நீங்க சொல்லித்தான் அந்தக் கால ஜாஸ் டிரம்மர் சிக் வெப் ரெக்கார்டுலாம் கேக்க ஆரம்பிச்சேன், இப்போ ஆயில் பெயிண்ட்ல அவரோட போர்ட்ரெய்ட் ஒண்ணு போட்டுட்டிருக்கேன், போட்டோ இணைச்சிருக்கேன். தலைப்பு 'விடாமுயற்சி'. கூனலை அப்படியே போட்டா பாக்குறவங்க எல்லாம் ஐயோ பாவம்ங்கறாங்க, மறைச்சா எனக்கே பொய்யாப் படுது. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, முகம் அருமையா வந்திருக்கு, அந்த சிரிப்பு முக்கியமா. ஆனா மார்போட நிறுத்திட்டீங்களே, டிரம்ஸ் எங்க? டிரம்ஸை எடுத்துட்டு முதுகை மட்டும் காட்டினா பாவம்னுதான் தோணும்.

பால்டிமோர்ல பொறந்த ஆளு, சின்ன வயசுலயே முதுகெலும்புல டிபி, உயரம் நாலடி சொச்சத்தோட நின்னுபோச்சு. விறைச்ச மூட்டெல்லாம் இளகட்டும்னு டாக்டர்தான் டிரம்ஸ் வாசிக்கச் சொன்னாருன்னு ஒரு கதை உண்டு. பேப்பர் வித்து காசு சேத்து செட்டு வாங்கினாரு. பின்னாடி அவர் வாசிச்ச பேஸ் டிரம், அதான் காலால பெடல் மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம், 28 இன்ச், ஆள்ல பாதிக்கு மேல அதுவே இருக்கும்! பெடல், சிம்பல் ஸ்டாண்டு எல்லாம் தன் உடம்புக்கு ஏத்த மாதிரி செஞ்சு வாங்கி, மேடை மேலயே இன்னொரு சின்ன மேடை போட்டு அதுல உக்காந்து மொத்த பேண்டையும் ஓட்டுவாரு, நோட்ஸ் படிக்கத் தெரியாது, அரேஞ்ச்மென்ட் பூரா மனப்பாடம். நீங்க வரைய வேண்டியது இதைத்தான்னு நினைக்கிறேன், அந்த பெடலை, அந்த மேடையை. முதுகு அதுபாட்டுக்கு அதுக்குள்ள வந்துடும்.

அப்புறம் தலைப்பு. மனுஷன் யாருக்கும் பாடம் நடத்த வாசிக்கல, எதிர்ல நிக்குற பேண்டை அடிச்சு விரட்டத்தான் வாசிச்சாரு. 1937 மே மாசம் நியூயார்க் ஹார்லெம்ல இருந்த சவாய் பால்ரூம்ங்கற டான்ஸ் ஹால்ல பென்னி குட்மேனோட ஜாஸ் பேண்டோட போட்டி, குட்மேன் அப்போ உச்சத்துல இருந்தவரு, இருந்தும் ஜெயிச்சது வெப்புதான், எதிர்ல டிரம்ஸ் வாசிச்ச ஜீன் க்ருபாவே தோத்ததை ஒத்துக்கிட்டாரு. ரெண்டே வருஷத்துல, 1939 ஜூன்ல, வெப் போயிட்டாரு, முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது. அவரோட பேண்டை அதுல பாடிட்டிருந்த பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் எடுத்து நடத்தினாங்க. அதனால 'விடாமுயற்சி'யை எடுத்துடுங்க, சும்மா 'சிக் வெப், சவாய், 1937'ன்னு போடுங்க போதும்.

அந்த வெளிர்பச்சை பேக்கிரவுண்டையும் மாத்திடுங்க, ஆஸ்பத்திரி சுவர் மாதிரி இருக்கு.