தொட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர்: வாசகர் கேள்வி பதில்

பர்மாவாழ் தமிழ் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, பிள்ளை வளர்ப்பில் பிறர் தலையிடுவதைப் பற்றியவை. அவற்றுள் நான்கிற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுக்குத் தலைச்சன் குழந்தையாகப் பெண் பிறந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிறந்தாள், நட்சத்திரம் ரோகிணி. 'யாழினி' என்று பெயர் வைக்க நானும் என் கணவரும் முன்பே எண்ணியிருந்தோம். ரோகிணிக்கு வகரத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும், தம் தாயாரின் பெயரான வள்ளியம்மை என்பதையே வைக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ்ப் பெயரால் தொல்லைதான், பர்மியப் பெயர் ஒன்றே போதும் என்கிறார் கணவரின் சித்தப்பா. சென்னையில் இருக்கும் என் தாய்மாமாவோ, பதிவேட்டில் பர்மியப் பெயர் ஏறினால் இனிப் பேசவே மாட்டேன் என்று தொலைபேசியில் கோபித்துக்கொள்கிறார். 'நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று கணவர் ஒதுங்கிவிடுகிறார். தொலைபேசி மணி அடித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. யாருக்கு என்ன பதில் சொல்வது?
(ஒரு தாய், யாங்கூன்)

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்; இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். மாமியாரும் சித்தப்பாவும் அவருடைய மனிதர்கள். பிள்ளை பெற்ற உடம்போடு மூன்று வாரமாகத் தூக்கமின்றி இருக்கும் மனைவியை அவர்கள் முன் தனியே நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நடுநிலை என்று நான் ஏற்க மாட்டேன். நீங்கள் இருவரும் வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பெயரை முடிவு செய்யுங்கள். முடிவான பிறகு அவருடைய வீட்டாருக்கு அவரும் உங்கள் வீட்டாருக்கு நீங்களும் தெரிவியுங்கள். அதுவரை எந்தப் பெயரையும் உறவினர்களிடம் சொல்லிப் பார்க்காதீர்கள், ஏனென்றால் கருத்துக் கேட்கப்பட்டவர் தம் கருத்து நிறைவேறும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான்.

இனி அந்த மூவரையும் பார்ப்போம். மூவரும் ஒரே பெயரைப் பற்றிப் பேசுவது போலத் தோன்றினாலும் ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு. மாமியாருக்கு வேண்டியது, தம் தாயார் இந்த வீட்டில் மறக்கப்படாமல் இருப்பது. சித்தப்பாவின் கருத்து அச்சத்திலிருந்து வருகிறது. 1964இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாகி, நம்மவர்கள் பெருந்திரளாகக் கப்பலேறிப் போனதைக் கண்ட தலைமுறையினரும், அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களும் பதிவேட்டில் தம் பெயர் தனியே தெரிவதை விரும்புவதில்லை. அதைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் மாமாவுக்கோ, இங்கே தங்கிவிட்ட உறவின் வழியாகவாவது தம் குடும்பத்தின் தமிழ்ப் பெயர் பர்மாவில் நிலைக்க வேண்டும் என்ற ஆசை இருக்கலாம். ஆசையில் குற்றமில்லை; ஆனால் பள்ளியில் சேர்க்கும் நாளில் உங்களோடு வரிசையில் நிற்கப் போகிறவர் அவர் அல்லர் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம், அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஓர் இடம் கொடுங்கள். முடிவைக் கொடுக்க வேண்டாம். மாமியாருக்கு இடம் கொடுக்க நம் வழக்கத்திலேயே வழி உண்டு. குழந்தையின் காதில் மும்முறை சொல்லப்படும் பெயரும் ஊரறிய அழைக்கும் பெயரும் வேறு வேறாக இருப்பது நம்மில் பல குடும்பங்களில் உள்ளதுதான். ரோகிணிக்குச் சொல்லப்படும் எழுத்துகள் ஒ, வ, வி, வு என்பதால் வள்ளியம்மை என்ற பெயர் அதற்குப் பொருந்தவும் செய்கிறது. அந்தப் பெயரை மாமியாரே குழந்தையின் காதில் சொல்லட்டும், சாமிக்கு அர்ச்சனை செய்யும்போதும் அந்தப் பெயரையே சொல்லட்டும். பெரியவர்களின் பெயரில் பங்கு வைப்பது பர்மியருக்கும் தெரிந்ததே. ஆங் சான் சூச்சி என்ற பெயரில் 'ஆங் சான்' தந்தையுடையது, 'சூ' தந்தைவழிப் பாட்டியுடையது, கடைசிப் பகுதி தாயார் கின் சியிடமிருந்து வந்தது. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நாட்டில் இப்படிச் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

எழுத்து பார்ப்பது என்று வந்துவிட்டால், இந்நாட்டு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பர்மியர் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, பிறந்த கிழமையைப் பார்க்கிறார்கள். திங்களுக்குக் ககர வரிசை, செவ்வாய்க்குச் சகர வரிசை, வியாழனுக்குப் பகர வரிசை, சனிக்குத் தகர வரிசை, ஞாயிற்றுக்கு உயிரெழுத்து என்று அது போகும். புதன்கிழமையை மட்டும் இரண்டாகப் பிரித்து, முற்பகலுக்கு ல, வ என்றும் பிற்பகலுக்கு ய, ர என்றும் வைத்திருக்கிறார்கள். சுவேதகோன் பகோடாவில் முற்பகல் புதனுக்குத் தந்தமுள்ள யானையும் பிற்பகல் புதனுக்குத் தந்தமில்லா யானையும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகள் பிறந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. ஆகவே அக்கம்பக்கத்துப் பர்மியப் பெரியவர்களிடம் கேட்டால், யாழினி என்பது நாளுக்கேற்ற பெயர் என்றே சொல்வார்கள். பெயர் முடிவான பிறகு இதைச் சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். அவருடைய அச்சத்தில் பாதி அங்கேயே குறையக்கூடும்.

மீதிப் பாதிக்கு அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும், ஏனெனில் அதில் செய்தி இருக்கிறது. பர்மிய எழுத்தில் ழகரம் கிடையாது. 'யாலினி' என்று எழுதுவதா வேறு விதமாக எழுதுவதா என்பதைப் பர்மிய மொழி நன்கு எழுதத் தெரிந்த ஒருவரோடு இப்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழிலும் குடும்பப் பட்டியலிலும் பள்ளிப் பதிவேட்டிலும், பத்து வயதில் எடுக்கும் அடையாள அட்டையிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதையே எழுதுங்கள். தொல்லை பெரும்பாலும் வருவது பெயர் தமிழாக இருப்பதால் அல்ல, ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் இருப்பதால். பர்மியப் பெயரும் வேண்டும் என்று நீங்கள் இருவரும் விரும்பினால் அதையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். இன்னார் என்கிற இன்னார் என்று இரு பெயரையும் இணைத்து எழுதும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. பின்னாளில் இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி அலைவதைவிட அது எளிது. தகப்பனார் பெயருக்குத் தனி இடம் இருப்பதால், மாமா கவலைப்படும் அளவுக்குக் குடும்பத் தொடர்பு அறுந்துபோகாது என்பதை அவருக்கு எழுதலாம்.

பெயர் சூட்டுவதற்கு முன்பு யார் எது சொன்னாலும் 'யோசிக்கிறோம்' என்ற ஒரு சொல் போதும். சூட்டிய பிறகு 'பெயர் வைத்தாயிற்று, மாமா' என்பதற்கு மேல் விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்லச் சொல்ல மறுப்பும் வளரும். பேசவே மாட்டேன் என்றவர் குழந்தைக்குப் பல் முளைத்த செய்தி கேட்டால் தாமே அழைப்பார். அதற்குள் அந்தக் கைப்பேசியைச் சிறிது காலம் உங்கள் கணவரிடம் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் நான்கு பிள்ளைகளை வளர்த்தவள். பேரனுக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது, ஒரு சங்கு வெந்நீர் புகட்டக் கூடாது, கண்ணுக்கு மை இடக் கூடாது என்று என் மருமகள் எல்லாவற்றுக்கும் கைப்பேசியைப் பார்த்துத் தடை சொல்கிறாள். நான் சொன்ன பத்தியத்தையும் இருக்க மறுக்கிறாள். இந்த வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பில்லையா?
(ஒரு பாட்டி, மோல்மேன்)

பதில்: அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது; ஆனால் நீங்கள் எழுதியுள்ள நான்கிலும் உங்கள் மருமகள் பக்கமே நான் நிற்கிறேன். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அதனால்தான் ஒரு வயது வரை தேன் ஆகாது என்கிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீரே என்பதால் நம் ஊர் வெயிலிலும் தனியே நீர் வேண்டியதில்லை. புகட்டும் நீரால் வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும். மையில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் கண்ணுக்கு வேண்டாம். திருஷ்டி கழியவேண்டும் என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள், மருமகளும் மறுக்க மாட்டாள்.

பத்தியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நாட்டில் அது உயிர் சம்பந்தப்பட்டது. பிள்ளை பெற்றவளுக்கு வெறும் சோறும் உப்பும் கருவாடும் மட்டும் கொடுக்கும் வழக்கம் நம்மிலும் பர்மியரிலும் உண்டு. நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. பலமுறை களைந்து, கஞ்சியையும் வடித்துவிட்டால் எஞ்சியதும் போகிறது. தாயின் உடலில் அது குறைந்தால் பாலிலும் குறைந்து, இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு பெரிபெரி நோய் வருகிறது. பர்மாவில் கைக்குழந்தைகளைக் கொன்ற நோய்களில் அது முக்கியமான ஒன்று. அழும்போது குரல் கம்மிப்போவது, சத்தமே வராமல் அழுவது, பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்குவது ஆகியவற்றைக் கண்டால், காற்றுச் சேட்டை என்று மந்திரித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தயாமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே குழந்தை தேறுவதைக் காணலாம். தாமதித்தால் இதயம் தாங்காது.

உங்கள் அனுபவம் இங்கேதான் பயன்பட வேண்டும். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசியில் தயாமின் தங்குகிறது. நம் முன்னோர் பழகிய சாப்பாடு அது. புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, முட்டை, வேர்க்கடலைத் துவையல், பூண்டுக் குழம்பு என்று உங்கள் கைப்பக்குவத்தில் சமைத்துப் போடுங்கள். எது கூடாது என்பதைச் சொல்வதை விட்டு, எதைச் சாப்பிட வேண்டும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வருவதெல்லாம் சரியென்று நான் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே சுகாதார நிலையத்துச் சயாமாவிடம் (செவிலியரம்மாவிடம்) கேளுங்கள். அவர் சொல்வது இருவருக்கும் பொதுவாக இருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. தமிழும் பர்மிய மொழியும் கலந்தே பேசுகிறான். பள்ளியில் பின்தங்கிவிடுவான், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்து என்று என் அண்ணன் வற்புறுத்துகிறார்.
(ஒரு தந்தை, பெகு)

பதில்: நிறுத்த வேண்டாம். இரு மொழி கேட்டு வளரும் குழந்தை கலந்து பேசுவது இயல்பு. யாரிடம் எந்த மொழி செல்லும் என்பதை அது தானாகவே பிரித்துக்கொள்ளும். பர்மிய மொழி தெருவிலும் விளையாட்டிலும் வந்துவிடும், பள்ளியில் பெரும்பாலான பாடங்களும் அதில்தான். தமிழுக்கு வீடும் கோயில் வகுப்பும் தவிர வேறு இடமில்லை. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியும் பேச்சு மிகக் குறைவாக இருந்தாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, காதைப் பரிசோதியுங்கள். மொழியைக் குறைப்பதால் அது சரியாகாது. அண்ணனிடம் வாதாடவும் வேண்டாம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சொல்லட்டும்.

கேள்வி: 'பிள்ளை இவ்வளவு கறுப்பா?' என்று என் நாத்தனார் ஒவ்வொரு முறையும் கேட்டு, தனாக்கா என்னும் மரப்பட்டைச் சாந்தைக் குழைத்துத் தடவச் சொல்கிறார்.
(ஒரு வாசகி, தட்டோன்)

பதில்: தனாக்கா தோலுக்குக் குளிர்ச்சி, இந்த ஊரில் எல்லாரும் பூசுகிறார்கள், நீங்களும் பூசலாம், நிறம் மாறுவதற்காக அல்ல. 'எங்களுக்கு இந்த நிறம் பிடித்திருக்கிறது, அண்ணி' என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டு, அடுத்த முறை முதல் அந்தப் பேச்சு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் வயது சீக்கிரம் வந்துவிடும். கடைகளில் விற்கும் வெளுப்பூட்டும் களிம்புகளில் பாதரசம் கலந்தவை உண்டு. அவற்றைக் குழந்தையின் தோலில் தடவவே கூடாது. பூசிய கையோடும் முகத்தோடும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம் என்று நாத்தனாரிடமும் சொல்லிவையுங்கள்.